எட்டு மணி நேரச் சாப்பாடு: வாசகியர் கேள்விகளும் மருத்துவ விளக்கங்களும்

நாளின் எட்டு அல்லது பத்து மணி நேரத்துக்குள் உணவை முடித்துக்கொண்டு, மீதி நேரம் தண்ணீர் மட்டும் அருந்தும் பழக்கம் இளம்பெண்களிடையே வேகமாகப் பரவியிருப்பதால், இந்த இதழில் கேள்வி–பதில் பகுதியை அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். எழுதியவர்களின் ஊரைத் தவிர வேறு அடையாளம் எதையும் வெளியிடவில்லை. இங்குள்ளவை பொதுவான விளக்கங்கள்; தொடர்ந்து மருந்து உட்கொள்பவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் உணவு நேரத்தை மாற்றிக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: எனக்கு வயது 25. மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிகிறேன். காலை உணவை விட்டுவிட்டு, நண்பகல் 12 மணி முதல் இரவு 8 மணி வரை மட்டும் சாப்பிடுகிறேன். முதல் மாதத்தில் இரண்டு கிலோ குறைந்தது. அதன் பிறகு எடை அசையவே இல்லை. நேரத்தைச் சுருக்கினாலே கொழுப்பு கரையும் என்கிறார்களே, எனக்கு ஏன் அப்படி நடக்கவில்லை? — வாசகி, சோழிங்கநல்லூர்

பதில்: நேரத்தைச் சுருக்கினாலே கொழுப்பு கரையும் என்ற எண்ணம் எலிகளிடமிருந்து வந்தது. 2012-ஆம் ஆண்டு அமெரிக்காவின் சால்க் ஆய்வு நிறுவனத்தில் சச்சிதானந்த பாண்டாவின் குழுவினர், இரு பிரிவு எலிகளுக்குக் கொழுப்பு மிகுந்த ஒரே தீனியைக் கொடுத்து, ஒரு பிரிவை எந்நேரமும் தின்ன விட்டனர். மற்றதற்கு, எலிகள் விழித்துத் திரியும் இரவு வேளையில் எட்டு மணி நேரம் மட்டும் தீனி வைத்தனர். இரண்டு பிரிவும் தின்ற கலோரி ஏறத்தாழ ஒன்றாக இருந்தும், நேர வரம்புக்கு உட்பட்ட எலிகள் உடல் பருமனிலிருந்தும் கொழுப்புக் கல்லீரலிலிருந்தும் பெருமளவு தப்பின. வியக்கத்தக்க முடிவுதான். ஆனால் அவை ஆண் எலிகள் என்பதையும், எலியின் உடலுக்குப் பதினாறு மணி நேரப் பட்டினி என்பது மனிதருக்கு அதைவிடப் பன்மடங்கு நீண்ட பட்டினிக்கு ஒப்பானது என்பதையும் காணொளிகளில் பேசுவோர் சொல்வதில்லை.

மனிதர்களிடம் செய்த சோதனைகள் அந்த அளவுக்கு உற்சாகம் தருவன அல்ல. 2020-இல் சான் பிரான்சிஸ்கோவில் 116 பேரிடம், நீங்கள் பின்பற்றும் அதே 12 முதல் 8 வரையிலான நேரத்தைப் பன்னிரண்டு வாரம் சோதித்தனர். நேரம் குறுக்கியவர்களுக்குச் சராசரியாக 0.94 கிலோவும், மூன்று வேளை உண்டவர்களுக்கு 0.68 கிலோவும் குறைந்தன. இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்த முடியாது. மேலும், உடல் கூறுகளை விரிவாக அளந்துபார்த்தவர்களிடம், குறைந்த எடையில் பெரும்பகுதி கொழுப்பாக இல்லாமல், தசையை உள்ளடக்கிய கொழுப்பற்ற எடையாக இருந்தது. 2022-இல் சீனாவின் குவாங்சோவில் உடல் பருமன் உடைய 139 பேருக்குக் கலோரியைக் குறைக்கச் சொல்லி, அவர்களில் ஒரு பிரிவினரை மட்டும் காலை 8 முதல் மாலை 4 மணிக்குள் உண்ணச் செய்தனர். ஓராண்டு முடிவில் நேரம் குறுக்கிய பிரிவில் 8 கிலோவும் மற்றதில் 6.3 கிலோவும் குறைந்திருந்தன. புள்ளியியல் கணக்கில் அதுவும் உறுதியான வேறுபாடாகத் தேறவில்லை. 2023-இல் சிகாகோவில் நடந்த சோதனையோ, கலோரி எண்ணாமல் 12 முதல் 8 மணிக்குள் சாப்பிட்டவர்களும், நேரக் கட்டுப்பாடின்றிக் கலோரியை எண்ணிக் குறைத்தவர்களும் ஓராண்டில் ஏறத்தாழ ஒரே அளவு எடை குறைந்ததைக் காட்டியது.

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால், எடையைப் பொறுத்தவரை இந்த முறை பலன் தருவது, சாப்பிடும் நேரம் குறைவதால் சாப்பாட்டின் அளவும் தானாகக் குறையும்போதுதான். உங்களுக்கு முதல் மாதத்தில் போன இரண்டு கிலோவில் ஒரு பகுதி, கல்லீரலிலும் தசையிலும் சேமித்திருந்த கிளைக்கோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பும் அதனோடு பிணைந்திருந்த நீரும் ஆகும். அதன் பிறகு எடை நின்றதற்கு, மதியம் 12 மணிக்குக் கடும் பசியோடு அமர்ந்து அளவுக்கு மிஞ்சி உண்பதும், மாலை ஐந்து மணிக்கு அலுவலக உணவகத்தில் கிடைக்கும் பஃப்ஸ், சமோசா வகைகளும் காரணமாக இருக்கக்கூடும். நீங்கள் உயரத்தைக் குறிப்பிடவில்லை. எடையைக் குறைக்க வேண்டிய தேவை உங்களுக்கு உண்மையிலேயே இருக்கிறதா என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். எடையைக் கிலோவில் எடுத்து, மீட்டரில் உள்ள உயரத்தை அதே உயரத்தால் பெருக்கி வரும் எண்ணால் வகுத்துப் பாருங்கள். இதுதான் உடல் நிறை குறியீடு. 23-க்குக் கீழே வந்தால் எடைக் குறைப்புக்கு மருத்துவக் காரணம் இல்லை.

கேள்வி: வயது 23. உயரம் 160 செ.மீ. ஐந்து மாதங்களாகப் பதினாறு மணி நேரம் பட்டினி இருக்கிறேன். எடை 54 கிலோவிலிருந்து 47 ஆகிவிட்டது. தினமும் காலையில் ஐந்து கிலோமீட்டர் ஓடுகிறேன். சுமார் 1,200 கலோரி சாப்பிடுகிறேன். கடந்த மூன்று மாதங்களாக மாதவிடாய் வரவில்லை. எனக்குத் திருமணம் ஆகவில்லை. உடல் புதிய முறைக்குப் பழகிக்கொண்டிருப்பதாகத் தோழி சொல்கிறாள். காத்திருக்கலாமா? — வாசகி, கோயம்புத்தூர்

பதில்: காத்திருக்க வேண்டாம். மூன்று மாதங்கள் மாதவிடாய் வராவிட்டால் காரணம் கண்டறியப்பட வேண்டும் என்பதே மருத்துவ நெறி. மருத்துவர் முதலில் கர்ப்பம் இல்லை என்பதை உறுதிசெய்வார்; அது எல்லோருக்கும் செய்யும் வழக்கமான பரிசோதனை என்பதால் சங்கடப்பட வேண்டியதில்லை. பிறகு தைராய்டு, புரோலாக்டின், சினைப்பையை இயக்கும் எஃப்.எஸ்.எச்., எல்.எச்., சினைப்பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் ஆகிய ஹார்மோன்களின் அளவுகளைப் பார்ப்பார். அவற்றில் வேறு காரணம் எதுவும் தென்படாவிட்டால், நீங்கள் எழுதியிருக்கும் விவரங்கள் ஒரே திசையைத்தான் காட்டுகின்றன: உடலுக்குப் போதிய ஆற்றல் கிடைக்காததால் மூளை மாதவிடாயை நிறுத்தி வைத்திருக்கிறது.

மூளையின் அடியில் உள்ள ஹைப்போதலாமஸ், குறிப்பிட்ட இடைவெளிகளில் சிறு சிறு துடிப்புகளாக ஒரு ஹார்மோனை வெளியிட்டு பிட்யூட்டரிச் சுரப்பியைத் தூண்டுகிறது. அந்தத் துடிப்பின் ஒழுங்கைப் பின்பற்றியே பிட்யூட்டரி எல்.எச். ஹார்மோனைச் சுரக்க, சினைப்பையில் முட்டை முதிர்ந்து வெளியேறுகிறது. உடற்பயிற்சிக்குச் செலவானது போக உடலின் அன்றாடப் பணிகளுக்கு எவ்வளவு ஆற்றல் மிஞ்சுகிறது என்பதை ஹைப்போதலாமஸ் கூர்ந்து அறிகிறது. மிச்சம் போதாது என்று கண்டால், உடனடி உயிர் வாழ்வுக்குத் தேவையில்லாத இனப்பெருக்கத்தை அது முதலில் தள்ளிவைக்கிறது. 2003-இல் ஆன் லௌக்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், சீரான மாதவிடாய் உடைய இளம்பெண்களுக்கு உணவையும் உடற்பயிற்சியையும் அளந்து கொடுத்து இதைச் சோதித்தார். கொழுப்பு நீங்கலான உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 45 கலோரி மிஞ்சும்போது எல்லாம் ஒழுங்காக இருந்தது. அது 30-க்குக் கீழே இறங்கியபோது, ஐந்தே நாள்களில் எல்.எச். துடிப்புகளின் ஒழுங்கு குலைந்தது.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 47 கிலோவில் கொழுப்பு நீங்கலான எடை சுமார் 36 கிலோ என்று கொள்ளலாம். 1,200 கலோரியில் ஓட்டத்துக்கு ஏறக்குறைய 250 போனால் மிஞ்சுவது 950. அதை 36-ஆல் வகுத்தால் 26 தான் வருகிறது. பதினாறு மணி நேரம் என்பதைப் பன்னிரண்டாக மாற்றிக்கொண்டு அதே 1,200 கலோரியைத் தொடர்ந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. இவ்விஷயத்தில் கடிகாரத்தைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. தட்டில் விழும் அளவுதான் குறைவு. உங்கள் உடல் நிறை குறியீடும் 18.5 என்ற கீழ் எல்லைக்குச் சற்றுக் கீழே இறங்கிவிட்டது.

வயதுக்கும் இதில் பங்கு உண்டு. அதே ஆய்வாளர் 2006-இல் வெளியிட்ட மற்றொரு ஆய்வில், முதல் மாதவிடாய்க்குப் பிறகு பதினான்கு ஆண்டுகளைக் கடந்த பெண்களிடம் இந்தக் குறுகிய கால ஆற்றல் குறைவு எல்.எச். துடிப்பைக் கலைக்கவில்லை. முப்பத்தைந்து வயது அக்காவுக்கு ஒத்துக்கொண்ட உணவுமுறை இருபத்து மூன்று வயதுத் தங்கைக்கு ஒத்துக்கொள்ளாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். மறுபக்கத்தில், சிகாகோவில் உடல் பருமன் உள்ள பெண்களை எட்டு வாரம் நான்கு அல்லது ஆறு மணி நேரத்துக்குள் உண்ணச் செய்தபோது, டி.எச்.இ.ஏ. என்ற ஒரு ஹார்மோன் சுமார் 14 விழுக்காடு குறைந்தும் இயல்பான வரம்புக்குள்ளேயே இருந்தது. ஆய்வில் அளந்த பிற பாலியல் ஹார்மோன்களில் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏற்படவில்லை. சேமிப்பு உள்ள உடலும் இல்லாத உடலும் ஒரே பட்டினியை ஒரே விதமாக எடுத்துக்கொள்வதில்லை.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்த வேண்டியிருக்கிறது என்றால், மாதவிடாய் நின்றிருக்கும் மாதங்களில் ஈஸ்ட்ரோஜனும் தாழ்ந்திருக்கும். எலும்பு தன் உச்ச வலிமையை எட்டும் இருபதுகளில் ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எலும்பு மெலியும், ஓடுபவர்களுக்குக் காலெலும்பில் நுண்முறிவும் ஏற்படும். மாத்திரை கொடுத்து இரத்தப்போக்கை வரவழைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். கருத்தடை மாத்திரையால் வரும் போக்கு, மூளை மீண்டும் இயங்கத் தொடங்கிவிட்டது என்பதற்கு அடையாளம் ஆகாது. உள்ளிருக்கும் குறையை அது மறைத்தும்விடும். ஓட்டத்தைச் சில வாரங்களுக்கு நடையாகக் குறைத்து, காலை உணவை மீட்டு, மருத்துவரின் மேற்பார்வையில் இரண்டு மூன்று கிலோ எடை கூட்டுவதே முதன்மையான சிகிச்சை. மாதவிடாய் திரும்பச் சில மாதங்கள் ஆகலாம்.

கேள்வி: எனக்கு 22 வயது, எடை 74 கிலோ. பி.சி.ஓ.எஸ். எனப்படும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். மாதவிடாய் இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறைதான் வருகிறது. இந்த உணவுமுறை எனக்கு நல்லதா, கெட்டதா? — வாசகி, சேலம்

பதில்: மேலே உள்ள கோவை வாசகிக்குச் சொன்னதை நீங்கள் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், இருவருக்கும் மாதவிடாய் தவறினாலும் காரணங்கள் நேர் எதிரானவை. பி.சி.ஓ.எஸ். உள்ள பெண்களில் பலருக்கு இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. அதை ஈடுகட்டக் கணையம் கூடுதலாகச் சுரக்கும் இன்சுலின், சினைப்பையை ஆண்ட்ரோஜன் என்ற ஆண்தன்மை ஹார்மோனை அதிகமாகச் சுரக்கத் தூண்டுகிறது. முட்டை முதிராமல் நிற்பதற்கும் முகத்தில் முடி வளர்வதற்கும் அதுவே வழிசெய்கிறது. எனவே இன்சுலின் அளவைத் தாழ்த்தும் எந்த முறைக்கும் இங்கே இடமுண்டு.

2021-இல் சீனாவிலிருந்து வெளியான ஓர் ஆய்வில், முட்டை வெளிப்படாத பி.சி.ஓ.எஸ். உடைய 15 பெண்கள் ஐந்து வாரம் காலை 8 முதல் மாலை 4 மணிக்குள் மட்டும் உண்டனர். எடையும் இன்சுலினும் டெஸ்டோஸ்டிரோனும் குறைந்தன. 11 பேருக்கு மாதவிடாய்ச் சுழற்சி சீரடைந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு பிரிவு இல்லாத, மிகச் சிறிய ஆய்வு இது. அதே ஐந்து வாரம் அளவாக உண்டு, மூன்று வேளை சாப்பிட்டிருந்தால் இதே பலன் கிடைத்திருக்குமா என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை. பி.சி.ஓ.எஸ்.-க்கான 2023-ஆம் ஆண்டுப் பன்னாட்டு வழிகாட்டுதல், எந்த ஒரு உணவுமுறையும் மற்றவற்றைவிடச் சிறந்தது என்பதற்குச் சான்று இல்லை என்றே கூறுகிறது. தொடர்ந்து கடைப்பிடிக்க முடிந்த முறை எதுவோ அதைத் தேர்ந்துகொள்ளலாம். இரவு உணவை முன்னதாக முடித்து நாளில் பத்து மணி நேரத்துக்குள் சாப்பிடுவது உங்களுக்குச் சுலபமாக இருந்தால் தாராளமாகச் செய்யுங்கள். இன்சுலின் செயல்பாட்டை மேம்படுத்தும் மெட்ஃபார்மின் மாத்திரை எடுப்பவராக இருந்தால், அதை உணவோடு சேர்த்து எடுக்க வேண்டும். வெறும் வயிற்றில் எடுத்தால் குமட்டலும் வயிற்றுப்போக்கும் அதிகமாகும். ஒரு வேளை உணவை நீக்கும் முன் மாத்திரையின் நேரத்தை மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பட்டினி நேரத்தில் ஃபில்டர் காபி குடிக்கலாமா? சர்க்கரை போடாமல் குடித்தால் தவறில்லை என்று வீட்டில் சொல்கிறார்கள். — வாசகி, கும்பகோணம்

பதில்: பால் சேர்த்த காபி உணவுதான். பாலில் இனிப்பும் புரதமும் கொழுப்பும் இருப்பதால், சர்க்கரை இல்லாவிட்டாலும் இன்சுலின் சுரக்கும். பட்டினி அங்கே முடிந்துவிடும். கடுங்காபியும் வெறும் தேநீரும் அப்படியல்ல. ஆனால் கும்பகோணத்தில் இருந்துகொண்டு காலை ஆறு மணிக்குக் கடுங்காபி குடிப்பதைவிட, நல்ல டிகிரி காபியை உங்கள் உண்ணும் நேரத்தின் முதல் உணவாகவே கணக்கில் சேர்த்துவிடுவது மேல் என்பது என் கருத்து.

கேள்வி: மாலை 4 மணிக்குள் சாப்பிட்டு முடிப்பதுதான் நல்லது என்று படித்தேன். அலுவலகம் விட்டு ரயில் பிடித்து வீடு சேரவே எட்டு மணி ஆகிறது. சமைத்து எல்லோருக்கும் பரிமாறி நான் சாப்பிடப் பத்து மணி. என்னைப் போன்றவர்களுக்கு என்ன வழி? வயது 29. — வாசகி, தாம்பரம்

பதில்: நீங்கள் படித்ததற்கு ஆதாரம் இருக்கிறது. 2018-இல் அமெரிக்காவில் சர்க்கரை நோயின் முன்நிலையில் இருந்த எட்டு ஆண்களை, பிற்பகல் 3 மணிக்கு முன்பே இரவு உணவை முடிக்கும்படி ஐந்து வாரம் உண்ணச் செய்தனர். எடை குறையாதபடி உணவின் அளவைக் கட்டிக் காத்தும், இன்சுலின் செயல்பாடும் இரத்த அழுத்தமும் மேம்பட்டன. 2022-இல் அலபாமாவில், பெரும்பாலோர் பெண்களாக இருந்த 90 பேரிடம் நடந்த பதினான்கு வாரச் சோதனையில், காலை 7 முதல் பிற்பகல் 3 வரை உண்டவர்கள் மற்றவர்களைவிட 2.3 கிலோ அதிகமாகக் குறைந்தனர். மதியத்தில் தொடங்கி இரவில் முடிக்கும் முறைக்கு இவ்வளவு தெளிவான பலன் தென்படவில்லை.

காரணம் உடலின் உட்கடிகாரம். காலையில் உண்ட இட்லியால் ஏறும் இரத்தச் சர்க்கரையைவிட, அதே இட்லியை இரவில் உண்டால் ஏறும் சர்க்கரை அதிகம். இரவில் சுரக்கும் மெலட்டோனின் என்ற ஹார்மோன் கணையத்தின் இன்சுலின் சுரப்பைத் தணிப்பதும் இதற்கு ஒரு காரணம். நம் ஊர் இளைஞர்கள் காலையைத் துறந்து இரவைக் காத்துக்கொள்வது, உடலின் நேரத்துக்கு முற்றிலும் மாறான ஏற்பாடு. பொழுது சாய்ந்தபின் உண்ணாத வழக்கத்தைச் சமணர்கள் நூற்றாண்டுகளாகக் கடைப்பிடித்து வருகிறார்கள். அவர்கள் அதை உயிர்க்கொலை தவிர்ப்பதற்காகக் கொண்டாலும், உடலின் நேரத்தோடு அது இசைந்தே இருக்கிறது.

ஆனால் பிற்பகல் மூன்று மணிக்கு நாளின் கடைசிச் சாப்பாட்டை முடிப்பது வேலைக்குப் போகும் பெண்ணுக்கு நடக்கக்கூடிய காரியமல்ல. நடக்கக்கூடியது இது: காலை 8 மணிக்கு வயிறாரச் சாப்பிடுங்கள், மதிய உணவோடு இன்னொரு சிறிய டப்பாவும் எடுத்துச் செல்லுங்கள். மாலை ஆறு, ஆறரை மணிக்கு அலுவலகத்திலேயே சப்பாத்தியும் பருப்பும் அல்லது சுண்டலும் முட்டையும் சாப்பிட்டுவிட்டால், அதுதான் உங்கள் இரவு உணவு. வீடு வந்தபின் பசித்தால் ஒரு தம்ளர் பால் அல்லது மோர் போதும். பாலோ மோரோ தேவைப்படாத நாள்களில் பத்தரை, பதினொரு மணி நேரத்துக்குள் நாளின் உணவு அடங்கிவிடும். இளம்பெண்ணுக்கு அதைவிடக் குறுக்க வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எல்லோருக்கும் பரிமாறி முடித்து, மிஞ்சியதைப் பத்து மணிக்கு உண்பது உங்கள் உடல்நலக் கேள்வி மட்டுமன்று, வீட்டின் ஏற்பாடும் கூட. எட்டு மணிக்கு வீடு சேர்பவரே சமைத்தாக வேண்டும் என்ற நிலை மாறினால், எந்த உணவுமுறையும் தராத இரண்டு மணி நேரம் உங்களுக்குக் கிடைக்கும்.

கேள்வி: பிளஸ் டூ படிக்கும் என் மகளுக்கு 17 வயது. ‘ஃபாஸ்டிங்’ என்று சொல்லி மதியம் வரை ஒன்றும் சாப்பிடுவதில்லை. சாப்பிட்டால் உடனே குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். வீட்டு விசேஷங்களுக்கு வர மறுக்கிறாள். ஒல்லியாகத்தான் இருக்கிறாள். கண்டித்தால் அழுகிறாள். — ஒரு தாய், திருநெல்வேலி

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் மூன்று செய்திகள் கவலை தருகின்றன: ஒல்லியாக இருந்தும் பட்டினி கிடப்பது, உண்டவுடன் கதவைச் சாத்திக்கொள்வது, பிறரோடு அமர்ந்து உண்ணும் இடங்களைத் தவிர்ப்பது. இவை உண்ணுதல் சார்ந்த மனநலக் கோளாறின் தொடக்கமாக இருக்கலாம். ‘ஃபாஸ்டிங்’ என்ற சொல் இன்று மதிப்புக்குரியதாகிவிட்டதால், சாப்பாட்டைத் தவிர்ப்பதற்கு அது ஒரு வசதியான மறைப்பாகவும் அமைந்துவிடுகிறது. கனடாவில் 16 முதல் 30 வயது வரையிலான 2,700-க்கும் மேற்பட்டோரிடம் நடத்திய ஆய்வொன்று 2022-இல் வெளியானது. முந்தைய ஓராண்டில் இந்தப் பட்டினி முறையைப் பின்பற்றியதாகப் பெண்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் கூறினர். அவ்வாறு பின்பற்றிய பெண்களிடம், அடக்க முடியாமல் அள்ளி உண்பது, வாந்தி எடுப்பது, மலமிளக்கி உட்கொள்வது போன்ற செயல்களும் கூடுதலாகக் காணப்பட்டன. பட்டினிதான் கோளாறை உண்டாக்கியது என்று இந்த ஆய்விலிருந்து முடிவுசெய்ய முடியாது. ஏற்கெனவே கோளாறின் பிடியில் இருப்பவர்கள் பட்டினியை நாடியும் இருக்கலாம். எப்படியானாலும் இரண்டும் சேர்ந்து வருகின்றன என்பது தெரிந்திருக்க வேண்டியது.

வளரும் வயதில், அதாவது பதினெட்டு நிறையாதவர்களுக்கு, இந்த முறையைப் பரிந்துரைக்க இடமில்லை. ஆனால் அதை மகளிடம் கட்டளையாகச் சொல்வதால் பலன் இருக்காது. அவள் எடையைப் பற்றியும் தோற்றத்தைப் பற்றியும் வீட்டில் யாரும், பாராட்டாகக்கூட, பேச வேண்டாம். தட்டில் என்ன மிச்சம் என்று கண்காணிக்காமல், நீங்களும் அவளோடு அமர்ந்து சாப்பிடுங்கள். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, தலைசுற்றல், மயக்கம் உண்டா, விரல் முட்டிகளில் தழும்பு, அடிக்கடி தொண்டை வலி, பல் கூச்சம் இருக்கின்றனவா என்பதைக் கவனியுங்கள். கடைசி மூன்றும் தொடர்ந்து வாந்தி எடுப்பவர்களிடம் காணப்படுபவை. வாந்தியால் இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தால் இதயத் துடிப்பே தடுமாறும் என்பதால், முதலில் ஒரு பொது மருத்துவரிடமும், தாமதிக்காமல் ஒரு மனநல மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால், அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416-இல் தமிழிலேயே பேசலாம். மயக்கமோ நெஞ்சுப் படபடப்போ வந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கேள்வி: நான்கு மாதங்களாக இரண்டு வேளை உணவு. இப்போது முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. சைவம், முட்டை மட்டும் சாப்பிடுவேன். வயது 24. — வாசகி, மயிலாடுதுறை

பதில்: உணவு திடீரெனக் குறைந்த இரண்டு மூன்று மாதங்களுக்குப் பிறகு முடி கொட்டுவது பரவலாகக் காணப்படும் விளைவு. சத்துக் குறைவை உணர்ந்த உடல், வளரும் நிலையில் இருந்த முடிகளை ஒரே சமயத்தில் ஓய்வு நிலைக்குத் தள்ளிவிடுகிறது. அவை பின்னர் ஒன்றாக உதிர்கின்றன. காரணத்தை நீக்கினால் பெரும்பாலும் திரும்ப வளரும். மூச்சு வாங்குவதைத்தான் நீங்கள் முதலில் கவனிக்க வேண்டும். ஹீமோகுளோபினையும், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் உடனே பரிசோதித்துக்கொள்ளுங்கள். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. மேலைநாட்டு ஆய்வுகளின் முடிவுகளை நம் பெண்களுக்குப் பொருத்தும்போது நான் தயங்குவது இதனால்தான்: இங்கே பாதிப் பேர் இரும்புச்சத்து உள்ளிட்ட சத்துகளில் ஏற்கெனவே கடன்பட்ட நிலையில்தான் பட்டினியைத் தொடங்குகிறார்கள்.

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்குச் சுமார் 46 கிராம் புரதமும், 29 மில்லிகிராம் இரும்பும், 1,000 மில்லிகிராம் கால்சியமும் தேவை. இரண்டு வேளையில் இதை எட்டுவது சைவ உணவுக்காரருக்கு எளிதன்று. இட்லி சட்னியும் சோறு ரசமுமாக இரண்டு வேளை போனால், புரதம் இதில் பாதியை எட்டுவதே அரிது. ஒரு முட்டையில் 6 கிராமும், 200 மி.லி. பாலில் அல்லது தயிரில் 6 கிராமும், ஐம்பது கிராம் கொண்டைக்கடலையில் சுமார் 10 கிராமும் புரதம் கிடைக்கும். கேழ்வரகில் நூறு கிராமுக்கு 350 மில்லிகிராம் அளவில் கால்சியம் உண்டு. கீரை, பயறு வகைகளில் உள்ள இரும்பை உடல் குறைவாகவே ஈர்க்கும் என்பதால், அவற்றோடு எலுமிச்சை, நெல்லி, கொய்யா ஆகியவற்றில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். காபி, தேநீரைச் சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரமாவது தள்ளிவையுங்கள். மூன்றாவது வேளையை இன்றே திரும்பக் கொண்டுவாருங்கள். இரத்தசோகை உறுதியானால் உணவு மட்டும் போதாது. இரும்புச்சத்து மாத்திரை தேவைப்படும்.

கேள்வி: பதினாறு மணி நேரம் பட்டினி கிடந்தால் உடல் தன் கழிவுகளைத் தானே தின்று சுத்தமாகிவிடும், இதற்கு நோபல் பரிசே கொடுத்திருக்கிறார்கள் என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி. இப்படிச் சாப்பிட்டால் இதய நோயால் சாவு இரட்டிப்பாகும் என்று இன்னொரு செய்தி. எதை நம்புவது? — வாசகி, ஈரோடு

பதில்: இரண்டிலும் கொஞ்சம் உண்மையும் நிறைய மிகையும் இருக்கின்றன. செல்கள் தம் பழுதான பகுதிகளைச் சிதைத்து மறுபடி பயன்படுத்தும் செயல் எப்படி நடக்கிறது என்பதைக் கண்டறிந்ததற்காக ஜப்பானின் யோஷினோரி ஓசுமிக்கு 2016-இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் அதைக் கண்டறிந்தது ஈஸ்ட் செல்களில். பதினாறாவது மணியில் மனித உடலில் அது தொடங்கிவிடும் என்று அவர் சொல்லவில்லை; பரிசும் பட்டினிக்காகத் தரப்பட்டதல்ல.

மற்ற செய்தி, 2024 மார்ச்சில் சிகாகோவில் நடந்த அமெரிக்க இதயச் சங்கத்தின் கூட்டத்தில் முன்வைத்த ஆய்விலிருந்து வந்தது. சுமார் 20,000 அமெரிக்கர்களின் தரவில், எட்டு மணி நேரத்துக்கும் குறைவாக உண்டவர்களுக்கு, 12 முதல் 16 மணி நேரம் வரை உண்டவர்களைவிட இதய நோயால் இறக்கும் வாய்ப்பு 91 விழுக்காடு அதிகமாகத் தெரிந்தது. ஆனால் அவர்களது உணவு நேரம், இரண்டே நாள்களின் உணவை நினைவுகூரச் சொல்லிக் கணக்கிடப்பட்டது. நோயாலோ வறுமையாலோ குறைவாக உண்டவர்களும் அந்தக் கணக்கில் கலந்திருக்கலாம்; கலந்துகொண்டோரின் சராசரி வயதும் ஐம்பதை ஒட்டியது. உங்கள் வயதுப் பெண்கள் இதைக் கண்டு அஞ்சவும் வேண்டாம், நோபல் பரிசைக் கண்டு மயங்கவும் வேண்டாம்.

கேள்வி: குழந்தைக்கு நான்கு மாதம், தாய்ப்பால் கொடுக்கிறேன். தைராய்டு மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் சாப்பிடுகிறேன். பிரசவ எடையைக் குறைக்க இந்த முறையைத் தொடங்கலாமா? வயது 27. — வாசகி, தஞ்சாவூர்

பதில்: இப்போது வேண்டாம். தாய்ப்பால் கொடுக்கும் முதல் ஆறு மாதங்களில் வழக்கத்தைவிட நாளொன்றுக்கு 600 கலோரி கூடுதலாகத் தேவை; அடுத்த ஆறு மாதங்களுக்கு 520. இதைக் குறுகிய நேரத்துக்குள் அடக்க முயன்றால் முதலில் உங்களுக்குக் களைப்பும், பிறகு பால் குறைகிறதோ என்ற அச்சமும் வரும். நடைப்பயிற்சியும், இனிப்பு, பொரித்த பண்டங்களைக் குறைப்பதும் இப்போதைக்குப் போதும். அடுத்த குழந்தை கருவில் இருக்கும் காலத்திலும் இந்த முறையைக் கையாளக் கூடாது.

தைராய்டு மாத்திரையை இப்போது போலவே காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு எடுத்து, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துக் காபியோ உணவோ எடுத்துக்கொள்ளுங்கள். இரும்புச்சத்து மாத்திரையை அதிலிருந்து குறைந்தது நான்கு மணி நேரம் தள்ளி, மதியத்திலோ மாலையிலோ விழுங்க வேண்டும். இரண்டையும் சேர்த்து எடுத்தால் தைராய்டு மருந்து உடலில் சரியாகச் சேராது. கால்சியம் மாத்திரைக்கும் இதே இடைவெளி பொருந்தும். பிரசவத்துக்குப் பிறகு தைராய்டு மருந்தின் அளவை மாற்ற வேண்டிவரும் என்பதால், இதுவரை பரிசோதிக்கவில்லையென்றால் இந்த வாரமே இரத்தத்தில் தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். அளவைப் பார்த்துவிடுங்கள்.